கல்குடாச் சுவரொட்டியின் வலது மூலை

வங்கிப் படிவங்களின் கடைசியில் 'வேறு விபரங்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். யாரும் அதை நிரப்புவதில்லை. அவள் நிரப்புவாள். 'என் கையெழுத்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வரும், கோபிக்க வேண்டாம்' என்று ஒருமுறை எழுதிக் கொடுத்தாள். அதன் பிறகு அங்கே காசாளராக இருந்த பெண் அவளை வரிசையில் கண்டாலே சிரிக்கத் தொடங்கினாள். நானும் அதே வங்கிக்குத்தான் போகிறேன். எல்லாக் கட்டங்களையும் தெளிவான எழுத்தில், வெட்டுக்கொத்து இல்லாமல் நிரப்புகிறேன். இன்றைக்கும் அந்தப் பெண்ணுக்கு என் முகம் தெரியாது.

அவள் மீது எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சரியாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

மட்டக்களப்பு நகரத்தில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அச்சுக் கடை. கலியாண அல்பம், பதாகை, அழைப்பிதழ், நினைவஞ்சலி மடல். காத்தான்குடிக்காரர் ஒருவர் அதை நடத்தினார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நாங்களும் அவரை நானா என்போம். கணினியில் வேலை செய்ய இரண்டு பேர் இருந்தோம். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் நான்கு வருடம் கணினி படித்துவிட்டுப் போனவள். அவள் பனிச்சங்கேணியிலிருந்து, உயர்தரப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். ஒரே நாளில்தான் சேர்ந்தோம். ஒரே மேசை, எதிரெதிர் கதிரை.

வெறுமையாக ஒன்று இருப்பதை அவளால் பொறுக்க முடியாது. நானா பேசும்போது ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் அவள் மூன்று சொல் எடுத்துக் கொடுப்பாள். மூன்றும் பிழையாக இருக்கும். அந்த மூன்றையும் மறுத்துக்கொண்டே நானா நாலாவதைக் கண்டுபிடித்துவிடுவார். "இந்தப் புள்ள இல்லாட்டி நான் ஊமைதான்" என்பார். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் வாசலில் நிற்கும் யாரையாவது பெயர் தெரியாமலே கூப்பிட்டு இருத்திவிடுவாள். என் மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் கறி இல்லாத பக்கம் தெரிந்தால் கேட்காமலே தன்னுடைய மீன் துண்டை அதில் வைப்பாள். நான் திருப்பி வைப்பேன். மறுநாளும் வைப்பாள்.

எங்கள் கடைக்கு அதிகம் வந்த வேலை ஒன்று உண்டு. கலியாணப் படத்தில் இல்லாத ஒருவரைச் சேர்ப்பது. எங்கள் பக்கத்தில் ஒரு கலியாண வீட்டில் நிற்க வேண்டிய எல்லோரும் நிற்பது அபூர்வம். ஆட்கள் ஒரு அடையாள அட்டைப் படத்தைக் கொண்டு வருவார்கள். நானா, "வெளிநாட்டிலயா, மௌத்தா?" என்று, ஆள் உயிரோடு இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்பதை மெதுவாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார். நாங்கள் அந்த முகத்தை எடுத்துப் பொருத்திக் கொடுப்போம்.

இதற்கு நான் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். வெளிச்சம் வரும் திசை. தோளின் உயரம். தோலின் நிறம். நிழலின் நீளம். முடியின் விளிம்பு. ஐந்தும் சரியென்றால்தான் கோப்பை மூடுவேன். நான் சேர்த்த ஆளை எங்கே வெட்டி ஒட்டியது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளின் கலியாணப் படத்தில் கணவரைச் சேர்க்க வேண்டும். நான் அவரைப் பின்வரிசையில், மகளுக்கு நேர் பின்னால் நிறுத்தினேன். அந்த அம்மா பார்த்தார். "நல்லா இரிக்கி புள்ள" என்றார். ஆனால் படத்தை வாங்கக் கையை நீட்டவில்லை.

எதிர்க் கதிரையிலிருந்து அவள் கேட்டாள்: "மாமி, கலியாண வீட்டில மாமா எங்க நிப்பார்?"

"அந்த மனிசனா? ஒரு இடத்தில நிண்டா தானே. பந்தியில தண்ணி ஊத்திக்கொண்டு திரிவார்."

"என்ன நிறச் சட்டை?"

அந்த அம்மா யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். அவளுக்கு அது தாங்கவில்லை. "நீலமா?" என்றாள்.

"ஓம் மனே. நீலம். நீலந்தான்."

அவள் நானாவின் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துப் படம் எடுத்தாள். "அல்லாஹ்வே, என்ட கைய யாருக்குப் பூட்டப் போறாய்?" என்று கேட்டபடி அவரும் குனிந்து நின்றார். மறுநாள் அந்த மனிதர் வரிசைக்கு வெளியே, படத்தின் ஓரத்தில், நீலச் சட்டையோடு, கையில் செம்போடு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கிறவர் போல நின்றார். நிழல் பிழை. தோள் ஒரு பக்கம் ஏறியிருந்தது. அந்த அம்மா படத்தைக் கண்டு முதலில் சிரித்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். போகும்போது அவளுடைய கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

சட்டை உண்மையாகவே நீலமா, அவள் சொன்னதால் நீலமாகிவிட்டதா என்று அன்று மாலை முழுக்க நான் யோசித்தேன். அவளிடம் கேட்டேன்.

"அவக்கு இப்ப நீலம்தான். உனக்கு என்னகா கஷ்டம்?" என்றாள்.

அந்த வருடம் மாரி கடுமை. பனிச்சங்கேணிப் பக்கம் தெருவின் மேலால் வெள்ளம் ஓடியது, பஸ் போகவில்லை. அவள் எங்கள் வீட்டில் பதினொரு நாள் தங்கினாள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அவரைப் பற்றி எனக்கு ஞாபகம் என்று ஒன்றும் இல்லை. சுவரில் இருந்தது, ஒரு அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது.

அப்பா புகையிரதப் பகுதியில் வேலை செய்தவர். கல்குடாப் பக்கத்துச் சின்ன ஸ்டேசன் ஒன்றில் டிக்கட் கொடுத்தார். ஓய்வுபெற்ற பிறகு அதிகம் பேச மாட்டார். நானும் அவரும் பேசுபவை எவை என்று எழுதினால் ஒரு கை விரல்களில் அடங்கும்: மருந்து, தண்ணி மோட்டர், கறண்ட் பில், நாளைக்கு மீனா மரக்கறியா. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அப்பாவின் இயல்பே அப்படி என்று நினைத்திருந்தேன்.

வந்த மூன்றாம் நாள் அவர் அவளை "மனே" என்றார், பெற்ற மகளைக் கூப்பிடுவது போல. என்னை எப்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

அந்த நாட்களில் கடைக்கு ஒரு வேலை வந்தது. கல்குடாவை ஒட்டிய பாசிக்குடாவில் ஒரு விடுதி. சாப்பாட்டு மண்டபச் சுவருக்குப் பழைய காலத்து ரயில் சுவரொட்டிகள் வேண்டும். கடலுக்கு விடுமுறைக்கு வாருங்கள் என்று ரயில்காரர்கள் ஒட்டிய வகை. ஐந்தின் கோப்புகளை அவர்களே அனுப்பினார்கள், ஐந்தும் வெளிநாட்டுக் கடற்கரைகள். கோடுபோட்ட துணிக் கதிரைகள், சிவப்புக் குளியலுடையில் ஒரு பெண், மலையோரமாகப் புகை விட்டுக்கொண்டு வரும் ரயில், முட்டை மஞ்சள் நிற வானம். நான் பார்த்த உடனே எழுதினேன்: தட்டையான நிறங்கள், ஆறுக்கு மேல் இல்லை, உருவங்களுக்கு வெளிக்கோடு கிடையாது, எழுத்து கீழே, படத்தின் ஐந்தில் ஒரு பங்கு.

அவள் ஐந்தையும் திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். "இதுகளில ஒருத்தரும் நனையல்ல, பாத்தியா?" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். கடல் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், ஒருவரும் நனைந்திருக்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய வசனம் அது. கடைக்கு வந்திருந்த விடுதி முகாமையாளரும் அதைக் கேட்டுச் சிரித்தார். "எங்கட கடற்கரைக்கும் இப்பிடி ஒண்டு கிடைக்குமா?" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

நாங்கள் கடலுக்கு விடுமுறைக்குப் போகிற சனம் இல்லை. கடல் தொழிலுக்கு, வாவி கறி மீனுக்கு. அதனால் அப்படி ஒன்று இருக்காது என்று நான் சொன்னேன். அவள் வீட்டுக்கு வந்து சோறு போடும்போது அப்பாவிடமே கேட்டாள்: "மாமா, உங்கட ஸ்டேசனில கடல்ப் படம் ஒட்டின போஸ்டர் இருந்ததா?"

அப்பா கை கழுவிவிட்டு எழுந்து போனார். அலுமாரிக்கு மேலிருந்த பிளாஸ்டிக் குழாயை இறக்கினார். முந்தைய வருட வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் நான் பட்டியல் போட்டிருந்தேன். அந்தக் குழாயும் அதில் இருந்தது: 'குழாய், ஒன்று, தேவை தெரியாது.' உள்ளே ஒரு சுவரொட்டி. கல்குடாக் குடா, தென்னை, பச்சையும் நீலமுமான தண்ணீர், மேலே மூன்று மொழியில் எழுத்து. கீழே வலது மூலை மட்டும் கறையான் தின்று கையகலத்துக்கு ஓட்டை.

"ஏனப்பா எனக்குக் காட்டல்ல?" என்றேன்.

"உனக்கு வேலை கிடக்கும் எண்டு."

அவள் ஓட்டையில் விரலை வைத்தாள். "மாமா, இதில என்ன இருந்த?"

அப்பா சுருளப் பார்த்த ஓரத்தை உள்ளங்கையால் நீவினார். "ஒரு பொம்புள" என்றார்.

அடுத்த மூன்று பின்னேரமும் அப்பா கடைக்கு வந்தார். குடையோடு, சட்டை அயர்ன் பண்ணி. நான் அங்கே வேலை செய்த ஒன்றரை வருடத்தில் அவர் ஒருநாளும் வந்ததில்லை. அவள் மூலைக்கு அளவாக வெட்டிய தாளில் தூரிகையால் வரைய, அவர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். நான் பின்னால் பெரிய அச்சு இயந்திரத்தோடு நின்றேன். இயந்திரம் ஓய்கிற நேரமெல்லாம் அவர்கள் பேசுவது கேட்டது.

"முடி இன்னும் நீளம் மனே."

"இவ்வளவா? தரையைக் கூட்டுமே மாமா."

"கூட்டட்டும். சீலைக்கு அரக்குக் கரை. ஒரு கையில செருப்பு."

"ஒரு கையிலயா? ரெண்டு செருப்புமா?"

"ஒண்டுதான். மற்றது கடல் கொண்டு போயிற்று. எனக்கு வருசத்துக்கு ஒருக்கா ரயில் பாஸ் கிடைக்கும், குடும்பத்தோட எந்த ஊருக்கும் போகலாம். எல்லாரும் கண்டி, அநுராதபுரம் எண்டு போவாங்க. இவ கல்குடாவுக்குப் போகணும் எண்டா. ஒரு மணித்தியாலத்துக் கோச்சி. பாஸ வீணாக்கினம்."

"வீணா?" என்று அவள் கேட்டாள்.

அப்பா சிரித்தார். அப்பாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

இயந்திரத்தில் தாள் சிக்கியிருந்தது. நான் எடுக்கவில்லை. என் அம்மா ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த கதை பனிச்சங்கேணிக்காரிக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அது இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது தொழில்நுட்ப ரீதியில் முற்றிலும் சரியானது. அந்தச் சுவரொட்டியின் முழுப் பிரதி எங்கேயாவது இருக்குமா என்று இணையத்தில் தேடினேன். நான்கு நாள். கடைசியில் வெளிநாட்டு ஏலக் கடை ஒன்றின் பழைய பட்டியலில் கண்டுபிடித்தேன். சின்னப் படம், ஆனால் மூலை தெளிவாக இருந்தது. அங்கே பெண் இல்லை. ரயில் நேரங்கள் எழுத ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும். அந்த மூலையை நான் சரியான எழுத்துருவோடு புதிதாக அமைத்தேன், அசலின் நிறத்தை மிச்சப் பகுதியிலிருந்து அளந்து எடுத்தேன், முழு அளவில் ஒரு பிரதி அடித்தேன்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளம் வடிந்து பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. பின்னேரம் அவள் ஊருக்குப் போகிறாள். மத்தியானம் மூன்று பேரும் சாப்பிடும்போது பிரதியை மேசையில் விரித்தேன்.

"அப்பா, இதுதான் அசல். இதில பொம்புள இல்ல."

அப்பா சோற்றுக் கையோடு பார்த்தார். "ஓம்" என்றார். "நேரம் போடுற கட்டம். நான்தானே ஒட்டினன். நேரம் மாற மாற அந்தக் கட்டத்துக்கு மேல புதுத் துண்டு ஒட்டுவம். கோதம்ப மா காய்ச்சின பசை. அதான் அந்த மூலையை மட்டும் கறையான் புடிச்ச."

மூலை மட்டும் ஏன் போனது என்று நானும் யோசித்திருந்தேன். பதில் கிடைத்துவிட்டது. பொய் சொன்னதற்காக அவர் வெட்கப்படவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. பாதிச் சோற்றில் எழுந்து போய்க் கை கழுவினார்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நல்லா அடிச்சிரிக்காய். நிறம் அப்பிடியே இரிக்கி" என்றாள். அதை அவள் மனதாரச் சொன்னதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

விடுதிக்கு எதை அனுப்புவது என்று திங்கட்கிழமை நானா கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: "இவட படம்தான் சரி நானா. அதையே அனுப்புவம்." விடுதிக்காரருக்குப் பிடித்தது. நானா என்னைப் பாராட்டினார். அவள் வரைந்த துண்டை யாரும் கேட்கவில்லை. அவள் அதைத் தன் பையில் வைத்துக்கொண்டு போனாள். அப்பா அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. அவள் வந்தால் பேசினார், மருந்து, மழை, பஸ் என்று, என்னோடு பேசுவது போலவே. நான் ஆசைப்பட்டது அதுவல்ல. ஆனால் கிடைத்தது அதுதான்.

சில மாதங்களில் அவள் கலியாணம் முடித்துக் கட்டாருக்குப் போனாள். எட்டு வருடம் ஆகிறது.

போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இரண்டு சொல் மிச்சம்: ஓம், இல்ல. அதையும் அதிகம் 'ஓம்' என்றே சொல்வார். தேத்தண்ணி வேணுமா, ஓம். வெளிச்சத்தை அணைக்கவா, ஓம். அவரிடம் கேட்க வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருந்த கேள்விகள் இருபதுக்கு மேல். அவற்றில் ஒன்றுக்கும் ஓம், இல்ல பதிலாகாது. அந்த மூன்று பின்னேரங்களில் அவர் சொன்னதெல்லாம் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது.

அவளுக்குப் போன் எடுப்பதா விடுவதா என்று மூன்று வாரம் யோசித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர்களுக்கு விடுமுறை நாள், அழைத்தேன்.

"அடியேய்! உசிரோடதான் இரிக்கிறியா? என்ட மீன் துண்டத் திருப்பித் தரவா எடுத்த?"

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "என்ன வேணும் சொல்லு" என்றாள்.

"அம்மாவப் பத்தி அப்பா உனக்குச் சொன்ன எல்லாம்."

அவள் சொல்லத் தொடங்கினாள். நான் எண் போட்டு எழுதினேன். அம்மாவுக்குக் கோச்சியில் ஜன்னல் பக்கம் பிடிக்காது, தூசி என்பார். அம்மா விளாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு அப்பாவுக்குத் தெரியாமல் தின்பார். கோபம் வந்தால் பேச மாட்டார், கறிக்கு உப்பைக் குறைத்துவிடுவார். பதின்மூன்று வந்தது.

எழுதி முடித்ததும் எனக்குப் பழைய நீலச் சட்டை சந்தேகம் வந்தது. "இதில எது அப்பா சொன்ன, எது நீ போட்டு நிரப்பின?" என்று கேட்டேன்.

கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் உண்மையாகவே யோசித்தாள். "தெரியாகா" என்றாள். "எட்டு வருசம் மனசில வச்சிரிந்தன். இப்ப எனக்கே தெரியா."

அவளுடைய அம்மா பனிச்சங்கேணியில் உயிரோடு இருக்கிறார். இருந்தும் என்னுடைய அம்மாவையும் எட்டு வருடம் அவள்தான் மனதில் வைத்திருந்தாள். போனை வைத்த பிறகு எனக்கு வந்தது பழைய பொறாமைதான். துக்கம் அல்ல.

மறுநாள் காலை அப்பாவின் கட்டிலருகே கதிரையைப் போட்டுப் பட்டியலை வாசித்தேன். வாசிக்குமுன் பதினாலாவதாக ஒன்றை நானே சேர்த்திருந்தேன். எல்லாவற்றுக்கும் ஓம் சொல்கிற மனிதரின் ஓமுக்கு என்ன பெறுமதி என்று தெரிய வேண்டும். அதற்கு, இல்லாத ஒன்றை உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் சோதனைக்காக.

ஜன்னல், தூசி. ஓம். விளாங்காய். ஓம், வாயின் ஒரு பக்கம் மேலே போனது. உப்பு. ஓம். பதின்மூன்றுக்கும் ஓம்.

"பதினாலு" என்றேன். "கோச்சிச் சத்தம் கேட்டா அம்மா என்னத் தூக்கி இடுப்பில வச்சிக்கொண்டு வாசலுக்கு வந்து நிப்பா."

அப்பா என்னையே பார்த்தார். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இல்ல" என்றார்.

ஒரு வருடத்தில் அவர் இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை. அவள் சொன்னவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பொய், நான் சேர்த்தது மட்டும்தான்.

பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினேன். பிறகு ஒன்றிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினேன். அப்பா மணிக்கட்டை விடவில்லை.